முதல் இருபது நிமிடம்

அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாது, பாவம் வந்து சேரும் என்கிறாள் என் மனைவி. சேரட்டும். உயிரோடு இருந்த காலத்தில் திட்டியது போதாது, இன்னும் மிச்சம் இருக்கிறது.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. கொத்தனார், தச்சர், மெக்கானிக் எல்லோருக்கும் எங்கள் பக்கத்தில் ‘பாஸ்’ என்று ஒரே பெயர்தான். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் அவரையும் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டார்கள். நான் மட்டும் மாமா என்பேன். சொந்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் அறைகளில், இருந்த காலத்தில் எங்கள் காம்பராவிலிருந்து மூன்றாவது காம்பரா அவருடையது. மாமா என்று கூப்பிட அவ்வளவு போதும்.

தோட்டத்து ஃபெக்டரியில் லொறிகளையும் எஞ்சின் ரூமையும் முப்பது வருஷம் பார்த்தவர். ரிட்டயரான பிறகு லயத்துக்குக் கீழே, பெரிய ரோட்டு வளைவில் நாலு தகரத்தைப் போட்டு ஒரு கராஜ் வைத்தார். வேலையில் மன்னன். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். வாயிலும் மன்னன். வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவன் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதே கிடையாது.

ஒருநாள் ஹட்டனில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “என்னமோ சத்தம் வருது பாஸ், சும்மா பாருங்க” என்றார். பாஸ் பானட்டைத் திறந்து ஒயில் குச்சியை உருவினார். துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவி, அந்த மனுஷர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இது என்னாங்க?”

“ஒயில்.”

“ஒயிலா? ரோட்டுக்கு ஊத்துற தாருங்க இது. ஏங்க, ஒரே வாளித் தண்ணியில ரெண்டு வருஷம் குளிப்பீங்களா நீங்க? அதுக்கு வாய் இல்லேன்னுதானே இப்பிடிப் பண்றீங்க? அதுக்கும் சேத்து நான் பேசுவேன், கேட்டுக்கங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உத்தியோகஸ்தர் முகம் சிவந்துபோய் நின்றார். ஆனால் அடுத்த மாதமும் அவரிடமே வந்தார். பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தாலும் அதே ஏச்சுத்தான், சிங்களத்தில் நடக்கும். வேன் ஓட்டுகிற எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது கிடைத்துவிடும். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில் ஹட்டனுக்கும் நல்லதண்ணிக்கும் இடையில் ராப்பகலாக ஓட்டுவேன். பிரேக்கைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. “சாமி கும்புடப் போறவங்கள நேரா சாமிகிட்டயே அனுப்பிருவ போல” என்பார்.

இப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் அடங்கும். தோட்டத்து மானேஜரான துரையின் ஜீப்.

இரண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் காதில் ஒன்றுமே விழுந்திருக்காது. காருக்குக் கீழே படுத்திருப்பவர் சரசரவென்று வெளியே வருவார். மடித்துக் கட்டிய சாரம் கணுக்கால்வரை இறங்கும். தலையில் சுற்றிய துண்டு கைக்கு வரும். ரோட்டோரத்தில், ஜீப்புக்கு இடம் விடுகிறவர் மாதிரி ஓர் அடி பின்னால் தள்ளி நிற்பார். அந்த ரோட்டில் இரண்டு லொறி தாராளமாக விலகிப் போகலாம், இவர் யாருக்கு இடம் விட்டாரோ தெரியாது. ஜீப் நிற்காது. துரை பார்க்கவும் மாட்டார். ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் சாரம் மேலே ஏறும், வாயும் திறக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய மூத்த மகள் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. பந்தலில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நடுவில் மட்டும் ஒரு மரக் கதிரை, கிளார்க் வீட்டிலிருந்து தூக்கி வந்தது. அதன்மேல் சலவை செய்த வெள்ளைத் துணி. பெரிய துரைக்குப் பத்திரிகை வைத்திருந்தார், வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். கூட்டம் நிறைந்துவிட்டது. முழங்கால் வீங்கிப்போன என் அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் அந்த மரக் கதிரையை இழுத்தேன். எங்கிருந்துதான் வந்தாரோ, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்புள, அதுல மட்டும் கை வைக்காத.”

“அம்மாவால நிக்க முடியல மாமா. தொர வந்தா எந்திரிச்சிருவாங்க.”

“வேணாம். அக்காவுக்கு வேற பாத்துத் தாரேன். அதுல வேணாம்.”

நான் கையை எடுத்துவிட்டேன். துரை வரவில்லை. வாட்சர் ஒருவன் வந்து ஏதோ கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். தாலி ஏறியபோது எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். பெற்றவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து பந்தலைப் பிரிக்கும்வரை அந்தக் கதிரையில் ஒருத்தரும் உட்காரவில்லை. அம்மா கடைசியில் ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்கப்புறம் ஒரு மழை நாளில் கராஜில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன். “நீங்கதான் ரிட்டயராயிட்டீங்களே மாமா. இப்ப ஒங்களுக்கு யாரு தொர?”

“நான் ரிட்டயராயிட்டேன். கூர ஆவலியே” என்றார்.

அந்தக் கராஜ் நின்ற மண் தோட்டத்துடையது. பல்பு எரிகிற கரண்ட் ஃபெக்டரி வயரிலிருந்து வருவது. குடியிருக்கிற காம்பரா தோட்டத்துடையது. சின்ன மகள் பெயர் இன்னும் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் இருந்தது, தினம் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுகிறவள். “எங்க தாத்தா காலத்துலருந்து இதே காம்பரா. ஒரு துண்டுக் கடுதாசி இருக்கா எங்ககிட்ட? நாளைக்கு ‘ஏய் பாஸ், தகரத்தக் கழட்டு’ன்னு சொன்னா கழட்டணும். ஒனக்கென்னா, நீ டவுனுக்குப் போயிட்ட.”

அது உண்மை. அப்பா இறந்ததும் நாங்கள் ஹட்டன் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். நூறு வருஷத்துக்கு மேல் இருந்த மண்ணில் ஒரு மனுஷன் கூரைக்குப் பயந்து கும்பிடுகிறான் என்றால் கோபம் யார்மேல் போக வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் தூரத்தில் இருந்தது. இவர் பக்கத்தில் இருந்தார்.

இனி கார் விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டன் பிரிட்ஜில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய டட்சன் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருஷம் நானும் அவரும் சேர்ந்து அதைக் காராக்கினோம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலை ஏறும் கார்ப் பந்தயம் நடக்கும். வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பிடிப்பார்கள். அப்பா ஒரு வருஷம் அந்த ரோட்டோரத்தில் மணல் மூட்டை அடுக்கப் போனார். நானும் கூடப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எங்கள் லயத்திலிருந்து ஒருத்தரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கு முதலாவதாக வர வேண்டும் என்றெல்லாம் இல்லை. காரின் கதவில் ஒரு நம்பர். ஒலிபெருக்கியில் என் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. இத்தனை நிமிடம், இத்தனை செக்கன். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். விண்ணப்பம் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது கேம் ஷாஃப்ட். எஞ்சினுக்குள் சுழலும் இரும்புத் தண்டு அது. அதிலுள்ள முட்டை வடிவ மேடுகள்தான் டப்பட் என்ற குமிழ்களைத் தள்ளி வால்வுகளைத் திறக்கும். மேடு உயர்ந்தால் வால்வு கூடத் திறக்கும், எஞ்சின் கூட மூச்சு வாங்கும். டுபாயில் இருக்கும் மச்சான் பந்தயக் கேம் ஒன்றைத் துவாயில் சுற்றி சூட்கேஸில் துணிகளுக்கு நடுவில் கொண்டுவந்து தந்தான். அதைக் கையில் வாங்கியபோது பாஸ் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். துருத்திய மேடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

“மாப்புள, நல்லாக் கேட்டுக்க. புதுக் கேமும் புது டப்பட்டும் இன்னும் ஒன்னுக்கொன்னு பழகல. மொத இருவது நிமிசம் எஞ்சின் சுத்துற மீட்டர் ரெண்டாயிரத்துக்குக் கொறையவே கூடாது. அப்பத்தான் கீழருந்து ஒயில் தெறிச்சு இந்த மேட்டுல விழும். ஸ்லோவுல விட்டா ஒயில் ஏறாது, காஞ்சு ஒரசி மேடெல்லாம் மட்டமாயிரும். எங்கயாச்சும் ஒழுகுதா, சூடு ஏறுதா, சாவியத் திருப்பி நிறுத்து. நிறுத்துனா ஒன்னும் ஆவாது, மறுபடி போட்டுக்கலாம். ஸ்லோவுல மட்டும் விடாத. சாமியே எறங்கி வந்து கேட்டாலும் விடாத.”

ஸ்லோ என்பது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானாக ஓடும் மெதுவான ஓட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் கறுப்புப் பசையை விரலால் பூசியிருந்தார். பிளக் வயர்களை மூன்று தடவை சரி பார்த்தார். முதல் சாவிக்கே பிடிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்றார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது. அவர் கார்பரேட்டர் பக்கம் நின்று ஸ்க்ரூவைத் திருகி, மீட்டரை இரண்டாயிரத்து இருநூறில் நிறுத்தினார். காலை அழுத்த வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஒயில் பிரஷரையும் சூட்டையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அவர் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஏழாவது நிமிடம் இருக்கும். அவ்வளவு இரைச்சலிலும் அவருக்குக் கேட்டிருக்கிறது. சாரம் இறங்கியது.

சாமி வரவில்லை. சின்னத் துரை வந்தார்.

தோட்டத்து உதவி மானேஜர், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அதுதான் இன்னும் எரிச்சல். கார்ப் பைத்தியம். நான் பந்தயத்துக்குப் போவது தெரிந்து ஆசையாகத்தான் வந்து இறங்கினார். பெரிய கேம் போட்ட எஞ்சின் ஸ்லோவில் சீராக ஓடாது, நொண்டி நொண்டி ஓடும். அந்த நொண்டல் சத்தத்துக்குக் கார்ப் பைத்தியங்கள் உயிரை விடுவார்கள்.

“ஏய் பாஸ், கேம் போட்டாச்சா? எங்க, ஸ்லோவில விடு பாப்பம்” என்றார், சத்தமாக.

“தொரைங்களே, இது இன்னும் ரன்னிங் இன் ஆவலீங்க…”

“ஒரு நிமிசந்தானே பாஸ்.” போனை எடுத்து வீடியோவுக்குத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

“சரிங்க தொர.”

ஹட்டன் உத்தியோகஸ்தர் மூக்குக்கு நேரே ஒயில் குச்சியை நீட்டிய அதே கை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எதிர்ப் பக்கம் திருகியது. என் கண்ணுக்கு முன்னால் முள் இறங்கியது. இரண்டாயிரம், ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரம், எண்ணூறு. எஞ்சின் கடக், கடக் என்று நொண்ட ஆரம்பித்தது. சின்னத் துரை முகம் மலர்ந்துபோனது. பாதியில் எங்கேயோ நாய் குரைத்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அப்புறம் புகைக்குழாய்ப் பக்கம் போய் ஒன்று எடுத்தார். ஒரு நிமிடம் நாலு நிமிடமாகியது. “செம சத்தம்” என்று காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவில் மறையும்வரை பாஸ் அப்படியே நின்றார். பிறகுதான் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றினார்.

“என்னா மாமா இது!” என்று கத்தினேன்.

“ஒன்னும் ஆயிருக்காது மாப்புள” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம். என் காதுக்கு வருமுன் அவர் காதுக்கு வந்துவிட்டது. கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். ஒயிலை ஒரு பேசினில் இறக்கினார். கறுப்பு ஒயிலில் வெள்ளிப் பொடி மினுங்கியது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு மேடுகள் தட்டையாகிப் போயிருந்தன. டப்பட் அடிகள் கரண்டியால் வழித்த மாதிரி குழிந்திருந்தன. பந்தயத்துக்கு இருந்தது இரண்டு வாரம். டுபாயிலிருந்து இன்னொரு கேம் வர வழியே இல்லை.

அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு அளவில்லை. “ஹட்டன் முழுக்கக் கிழிக்கிற வாயிக்கு, முடியாதுங்கன்னு ஒரு வார்த்த வரலியா? சாவியத் திருப்புன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே! நீங்க மெக்கானிக் இல்ல மாமா. தொரைக்குக் கதவு தெறக்கிற ஆளு” என்றேன். அவர் டப்பட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து ஏசியிருந்தாலாவது என் ஆத்திரம் ஆறியிருக்கும்.

பந்தய நாளில் நான் நுவரெலியாப் பக்கமே போகவில்லை. அடுத்த வாரம் ஹட்டன் பெற்றோல் ஷெட்டில் சின்னத் துரையைச் சந்தித்தேன். “ஏன் வரல்ல? ஒன்ட கார் சத்தத்த எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்” என்றார். “கொஞ்சம் வேல வந்துருச்சுங்க சேர்” என்று சிரித்து வைத்தேன்.

பாஸிடம் நான் சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் அவரைப் பற்றிப் பேசினேன். வேன் ஸ்டாண்டில், தேத்தண்ணிக் கடையில், ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னேன், நடித்தும் காட்டினேன். சாரத்தை இறக்குவதுபோல் இறக்கி, ‘சரிங்க தொர’ என்று குனிந்தால் பயல்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு அவருடைய கராஜுக்கே போய், “என்னா பாஸ், ஸ்லோவுல விடட்டா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் ஏசுவது குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவிதான் என்னைப் பிடித்துத் தள்ளினாள். போனேன். காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சின்ன மகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். நலம் விசாரிக்கத்தான் போனேன், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒன்னே ஒன்னு கேக்குறேன் மாமா. மேடு போயிரும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் திருப்புனீங்க?”

இருமி முடிக்கவே அவருக்கு நேரம் பிடித்தது.

“தொர கண்ணு முன்னால எனக்கு வேற வழி இல்ல மாப்புள. இந்தப் புள்ள பேரு செக்ரோல்ல இருக்கு. ஆனா ஒன் பேரு இல்லியே. நீ டவுன்ல இருக்குறவன். வண்டியும் ஒன் வண்டி. ஆக்சிலேட்டரும் ஒன் காலுக்குக் கீழதான் இருந்துச்சு, சாவியும் ஒன் கைகிட்டத்தான் இருந்துச்சு. நான் ஸ்க்ரூவ எறக்குனாலும் நீ மிதிச்சிருவேன்னு நெனச்சேன்.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நீ மிதிச்சா, ‘இந்தப் பய சொல் பேச்சுக் கேக்க மாட்டேங்குறான் தொர’ன்னு அவரு முன்னாலயே ஒன்னக் கிழிகிழின்னு கிழிக்க வாயெல்லாம் தயாரா வச்சிருந்தேன். நாலு நிமிசமும் ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

“மாமா…”

“நீ தொரையையே பாத்துக்கிட்டு இருந்த.”